ஏர் சஸ்பென்ஷன் போடலாமான்னு கேக்கறவங்களுக்கு: அடிக்கடி வர்ற கேள்விகள்

நம்ம வீடு கொழிஞ்சாம்பாறை பக்கம். ரேஷன் கார்டு கேரளா, காய்கறி சந்தையும் கல்யாண ஜவுளியும் கோயமுத்தூரு. வண்டி 2010 மாடல் போலோ, கேஎல் 70 நம்பர், ஆறு வருஷமா ஸ்பிரிங் இல்லாம, ஏர்பேக்னு சொல்ற காத்துப் பைல நிக்குது. வேலந்தாவளம் டீக்கடைல நிறுத்தினா டீ வர்றதுக்குள்ள ரெண்டு பேராச்சும் வந்து "இது எப்புடிங்ணா எறங்குது"ன்னு கேப்பாங்க, ஃபோன்லயும் அதே கேள்விதான், ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது, அதனால எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதி வெச்சுடறேன்.

ஏர்பேக்னா ஆக்சிடெண்ட் ஆனா ஸ்டியரிங்ல இருந்து வெடிச்சு வருமே, அதுவா?

இல்லீங்க. அது வேற, இது வேற. இது ஸ்பிரிங் இருக்கற எடத்துல உக்கார்ற ரப்பர் பை. பஸ்ஸு லாரி பட்டறைல இதையே பெல்லோன்னு சொல்வாங்க. மல்ட்டி ஆக்சில் பஸ்ஸுக்கு அடில குனிஞ்சு பாத்தீங்கன்னா ஆக்சிலுக்கு மேல தடியா கறுப்பா உக்காந்திருக்கும், அதோட சின்னத் தம்பிதான் இது.

காத்து எப்படிங்க ஒரு காரைத் தாங்கும்?

டயரும் காத்துதானே தாங்குது. கணக்கு ரொம்ப சிம்பிள், பிரஷரை பரப்பால பெருக்கினா வர்றதுதான் அது தூக்கற எடை. என் வண்டில முன்னாடி ஒரு பக்கம் ஸ்பிரிங் மேல உக்கார்ற எடை சுமாரா 300 கிலோன்னு வெச்சுக்கங்க, பையோட வேலை செய்யற பரப்பு 75 சதுர சென்டிமீட்டர்னா சதுர சென்டிமீட்டருக்கு 4 கிலோ பிரஷர் வேணும், டயர் கடைல "32 புடிங்க"ன்னு சொல்றமே அந்த பிஎஸ்ஐ கணக்குல 57. அவ்வளவுதான். இன்னும் காத்து விட்டா பை நீளும், வண்டி எந்திரிக்கும், காத்தைத் தொறந்து விட்டா உஸ்ஸுன்னு உக்காந்துக்கும்.

இதுல ஒரு அழகு என்னன்னா, இரும்பு ஸ்பிரிங்க ஒரு இன்ச்சு அமுக்க எவ்வளவு பலம் வேணுமோ அடுத்த இன்ச்சுக்கும் ஏறக்குறைய அவ்வளவேதான் வேணும், காத்து அப்படி இல்ல, அமுங்க அமுங்க மொறைக்கும். சின்னக் குழில மெத்துன்னு போகும், பெரிய குழில அடி தட்ட விடாம தாங்கிப் புடிக்கும்.

கிட்டுல என்னென்ன வரும்?

நாலு பை, ஒரு கம்ப்ரசர் இல்லைன்னா ரெண்டு, காத்தை ரொப்பி வெக்க ஒரு டேங்க்கு, வால்வெல்லாம் ஒண்ணா உக்கார்ற மேனிஃபோல்டு, பிளாஸ்டிக் டியூப்பு, கையில ஒரு கன்ட்ரோலர். முன்னாடி ஷாக் அப்சார்பரும் பையும் ஒண்ணா சேந்தே வரும். போலோ மாதிரி வண்டிக்குப் பின்னாடி ஸ்பிரிங் தனி ஷாக் தனிங்கறதால ஸ்பிரிங்க உருவிட்டு அங்க பையை வெச்சா முடிஞ்சுது.

கன்ட்ரோலர்ல ரெண்டு வகை உண்டு. ஒண்ணு பிரஷரை மட்டும் பாக்கும், ஏர்லிஃப்ட் கம்பெனியோட 3பி அந்த மாதிரி. இன்னொண்ணு ஒவ்வொரு வீல்லயும் சென்சார் வெச்சு உயரத்தையும் பாக்கும், 3எச் அது. பின்னாடி மூணு பேரு ஏறினாலும், டிக்கில நாலு கொலை இளநி போட்டாலும் அதே உயரத்துல நிக்கணும்னா சென்சார் வகைதான் சரி. என்னோடது பிரஷர் வகை. மாமியார் வீட்டுல இருந்து அரிசி மூட்டையோட திரும்பறப்ப வண்டி பின்னாடி சப்பையா உக்கார்ந்துக்கும், நானே பட்டனை அமுக்கித் தூக்கிக்குவேன்.

இதெல்லாம் யாரு ஆரம்பிச்சது? ஜப்பான்காரனா?

ஜப்பான்காரங்க பின்னாடி வந்து அதுக்குன்னு தனி ஸ்டைலே உண்டாக்கினாங்க, ஆனா தொடக்கம் அமெரிக்கா. ஃபயர்ஸ்டோன் டயர் கம்பெனி 1930கள்லயே காத்துப் பையைச் செஞ்சு பாத்துச்சு. 1950கள்ல பஸ்ஸுக்கு வந்துச்சு, 1954ல வந்த கிரேஹவுண்டு சீனிக்ரூசர் பஸ்ஸு காத்துலதான் ஓடுச்சு. காருன்னா 1957 கேடிலாக் எல்டொராடோ ப்ரோகம். மறு வருஷம் ஜெனரல் மோட்டார்ஸ் தன்னோட மத்த கார்லயும் ஆப்ஷனா குடுத்துப் பாத்துச்சு. என்ன ஆச்சு தெரியுமா? லீக்கு! வாங்கினவங்கள்ல நெறையப் பேரு கழட்டி எறிஞ்சுட்டு இரும்பு ஸ்பிரிங்கே போதும்னு மாட்டிக்கிட்டாங்க. அறுபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னிக்கும் அதே லீக்கோடதான் நானும் மல்லுக்கட்டறேன்.

கஸ்டம் கார் பக்கம் வந்தா கதை இன்னும் சுவாரஸ்யம். கலிஃபோர்னியால மெக்சிகோ வம்சாவளி பசங்க வண்டியத் தரையோட தரையா எறக்கி ஊர்கோலம் போயிட்டிருந்தாங்க. 1958ல ஒரு சட்டம் வந்துச்சு, வண்டியோட எந்த பாகமும் வீல் ரிம்முக்குக் கீழ எறங்கக் கூடாதுன்னு. ரான் அகீரேன்னு ஒருத்தர் 1959 வாக்குல விமானத்துல இருந்து எடுத்த ஹைட்ராலிக் பம்பையும் வால்வையும் தன் கார்வெட்டுல மாட்டினாரு, போலீஸைப் பாத்தா வண்டி எந்திரிக்கும், போலீஸ் போனா உக்காரும். லோரைடர்னு சொல்ற இந்த எறக்கின வண்டிங்க குதிக்கற ஹைட்ராலிக்ஸ் இப்படிப் பொறந்ததுதான். அந்த சட்டப்பிரிவைக் கலிஃபோர்னியா 2023ல எடுத்துடுச்சு, 2024 ஜனவரில இருந்து இல்ல.

ஹைட்ராலிக்ஸ் எண்ணெய்ல ஓடும், டிக்கி நெறைய பேட்டரி வேணும், குதிக்கும், ஆனா ஓட்ட சுகம் கெடையாது. காத்து குதிக்காது, தெனமும் ஓட்டலாம்.

வண்டிய எறக்கற கட்டை ஸ்பிரிங், அதான் லோவரிங் ஸ்பிரிங், போட்டா பத்தாயிரம் இருபதாயிரத்துல முடியுமே, எதுக்கு இந்த வேலை?

நம்ம ரோட்டைப் பாத்துட்டுமா கேக்கறீங்க? எங்க வீதில பஞ்சாயத்து போட்டது ரெண்டு, ஊர்க்காரங்களே சிமெண்ட்டுல குவிச்சு வெச்சது ஒண்ணு, மொத்தம் மூணு ஸ்பீட் பிரேக்கர். மூணாவது ஏறக்கொறைய திண்ணை. லோவரிங் ஸ்பிரிங் போட்ட பையன் ஒருத்தன் அதைக் குறுக்கால ஒருக்களிச்சு ஏத்தி எறக்கறதைப் பாக்கறப்ப பசு மாட்டை வாய்க்கா தாண்ட வெக்கற மாதிரி இருக்கும், அப்பவும் இன்ஜினுக்கு அடில இருக்கற ஆயில் சம்ப் ஒடஞ்சு எண்ணெய் கோடு போட்டுக்கிட்டே போனான். காத்து சஸ்பென்ஷன்னா எல்லாரும் எறக்கற பட்டனைப் பத்தியே பேசறாங்க, நான் காசு குடுத்தது ஏத்தற பட்டனுக்கு. எறக்க சுத்தியலே போதும்.

ஓட்ட சுகமா இருக்குமா?

சரியான உயரத்துல, சரியான பிரஷர்ல, நல்ல ஷாக்கோட ஓட்டினா இருக்கும். சும்மா அழகுக்குத் தரையோட ஓட்டினா கட்டை வண்டி. வோல்வோ பி7ஆர் 2001ல இந்தியாவுக்கு வந்தப்ப பஸ்ல தூங்கிட்டே போலாம்னு எல்லாரும் அதிசயப்பட்டதுக்கு இந்தக் காத்து ஒரு முக்கியக் காரணம்.

அந்த பஸ் பெல்லோவையே பழைய இரும்புக் கடைல வாங்கி மாட்டினா என்ன? பாதிக் காசு மிச்சமாகுமே?

மாசத்துக்கு ஒருத்தர் கேக்கற கேள்வி, வடக்கே ஒரு பட்டறைல இப்படி மாட்டின ஜீப்பை நானே பாத்திருக்கேன். மறுபடி அதே கணக்கைப் போடுங்க. பஸ் பெல்லோவோட பரப்பு 400 சதுர சென்டிமீட்டர்னு வெச்சாலும் 300 கிலோவைத் தூக்க முக்கா கிலோ பிரஷர் போதும், அதாவது 10, 11 பிஎஸ்ஐ. அவ்வளவு கொஞ்சக் காத்துல அந்தத் தடி ரப்பர் நிமிர்ந்தே நிக்காது, பாதி ஊதின பலூன் மாதிரி சைடுல சாயும், மடிப்பு ஒண்ணுமேல ஒண்ணு உக்காந்து கிள்ளிக் கிழியும். கொஞ்சம் காத்து கூட்டினா வண்டி ஒரேயடியா மேல போயிடும். அந்த ஜீப்பு வளைவுல திரும்பறதைப் பாத்தா வயித்தைக் கலக்குது. வேண்டாம்.

பங்சர் கடைக்காரர் வெச்சிருக்கற 12 வோல்ட் குட்டி பம்பு போதுமா?

போதாது. ரெண்டு வாட்டி தூக்கறதுக்குள்ள சூடாகிப் புகை வரும். கோயமுத்தூரு கம்ப்ரசருக்குப் பேர்போன ஊருதான், எல்ஜி அங்கதான் 1960ல ஆரம்பிச்சது, ஆனா அவங்க செய்யறது பட்டறைக்கும் ஆலைக்கும், காருக்கு மாட்டற 12 வோல்ட் சமாச்சாரம் வயேர் மாதிரி வெளிநாட்டுப் பிராண்டுதான் எல்லாரும் போடறாங்க. அது ஒண்ணு ஒண்ணும் 20 ஆம்பியர் கிட்ட இழுக்கும், அதனால ஹெட்லைட் ஒயர்ல இருந்து கனெக்ஷன் எடுக்கற கில்லாடி வேலையெல்லாம் வேண்டாம், பேட்டரில இருந்து தடி ஒயர், பேட்டரி பக்கத்துலயே ஃபியூசு, நடுவுல ரிலே. ஃபியூசைக் கம்ப்ரசர் பக்கத்துல வெச்சா நடுவுல ஒயர் ஒரசினா எரியறது வண்டி.

காலைல பாத்தா ஒரு பக்கம் எறங்கியிருக்கு. பை போச்சா?

இதுக்குத்தான் நான் இந்தப் பக்கத்தையே எழுத உக்காந்தேன்.

எனக்கும் இதேதான் ஆச்சு. மாட்டி ரெண்டு மாசம் கூட ஆகல, தெனம் காலைல முன் இடது பக்கம் எறங்கிக் கெடக்கும், அம்மா வாசல் தெளிக்க வந்துட்டு "உன் காரு ஒருக்களிச்சுப் படுத்துக்கிச்சு பாரு"ன்னு சொல்லிட்டுப் போவாங்க. மாட்டின கடைல கொண்டு போனேன். பேரு வேண்டாம். அவங்க வண்டிக்கு அடில கூடப் போகல, நின்ன எடத்துலயே "பை டேமேஜு, மாத்தணும்"னாங்க, நானும் நம்பி காசைக் கட்டினேன், புதுப் பை வர ஒரு மாசம் ஆச்சு, மாட்டினாங்க, மறுநா காலைல அம்மா மறுபடி அதையேதான் சொன்னாங்க.

அன்னிக்கு ராத்திரி பாத்திரம் கழுவற சோப்பைத் தண்ணில கலக்கி, செடிக்கு மருந்தடிக்கற குட்டி ஸ்பிரே பாட்டில்ல ஊத்தி, டார்ச்சை வாய்ல கவ்விக்கிட்டு ஒவ்வொரு ஜாயிண்டா அடிச்சேன். பைல ஒண்ணும் இல்ல. ஷாக் பக்கத்துல ஒண்ணும் இல்ல. கடைசியா டிக்கில மேனிஃபோல்டுகிட்ட வந்தா, ஒரு ஃபிட்டிங்கோட வாயில கடுகு சைஸ்ல நுரை, ஒண்ணு ஒடஞ்சா இன்னொண்ணு, ஒண்ணு ஒடஞ்சா இன்னொண்ணு. காத்தை எறக்கிட்டு டியூப்பை உருவிப் பாத்தா முனையை முருங்கைக்கா வெட்டின மாதிரி சாச்சு வெட்டியிருக்காங்க. அந்த ஃபிட்டிங்குக்குள்ள ஓ-ரிங்னு ஒரு ரப்பர் வளையம் இருக்கும், டியூப்பு முனை நேரா, வட்டமா, பிசிறில்லாம இருந்தாத்தான் அது சுத்திப் புடிக்கும், சாஞ்சிருந்தா ஒரு பக்கம் கவ்வும் ஒரு பக்கம் விடும். டியூப் வெட்டறதுக்குன்னே கட்டர் இருக்கு, எரநூறு முந்நூறு ரூபா, அதுல அரை இன்ச்சு வெட்டி மறுபடி சொருகினேன். அன்னில இருந்து எறங்கல. நல்ல பையைக் கழட்டி, புதுப் பையும் வாங்கி, கடைசில கோளாறு ஆக்சா பிளேடுல வெட்டின கை!

அதனால எறங்குதுன்னா மொதல்ல இதைச் செய்ங்க. ராத்திரி நாலு பையோட பிரஷரையும் டேங்க் பிரஷரையும் ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுட்டுப் படுங்க. காலைல டேங்க்கு அப்படியே இருந்து ஒரு பை மட்டும் கொறஞ்சிருந்தா அந்த லைன்லதான் கோளாறு. டேங்க்கு மட்டும் கொறஞ்சிருந்தா டேங்க்கு ஃபிட்டிங்கோ காத்து கம்ப்ரசருக்குத் திரும்பிப் போகாம தடுக்கற செக் வால்வோ. வண்டி எறங்கறதுக்குப் பதிலா ஒசந்திருந்தா பேய் பிசாசு இல்ல, காத்து ஏத்தற வால்வு சரியா மூடாம டேங்க்ல இருந்து பைக்கு ஒழுகுது. காத்து வெளிய போற ஓட்டைல ஓயாம மெல்லிசா சீறல் கேட்டா எறக்கற வால்வு.

வால்வு மூடாததுக்கு நான் பாத்த வரைக்கும் பெரிய காரணம் டெஃப்லான் டேப்பு. பிளம்பர் மாதிரி மரைக்கு ஏழு சுத்து சுத்தி முறுக்குவாங்க, அதுல ஒரு நூல் பிஞ்சு காத்தோட போய் வால்வு வாயில மாட்டிக்கும். மரைக்குப் பூசற பேஸ்ட்டு போடுங்க, மொத ரெண்டு மரையை விட்டுட்டுப் பூசுங்க.

மழைக்காலத்துல ஏதாச்சும் பாக்கணுமா?

தண்ணி. ஜூன்ல காத்து பாலக்காட்டுக் கணவாய் வழியா ஈரத்தோட வீசறப்ப, கம்ப்ரசர் உறிஞ்சறது காத்து மட்டும் இல்ல. என் டேங்க்கு 19 லிட்டர், 150 பிஎஸ்ஐ வரைக்கும் ஏத்தினா வெளிக்காத்து கணக்குல 200 லிட்டருக்கு மேல அதுக்குள்ள அமுங்குது, அந்தக் காத்துல இருந்த ஈரத்துல பெரும்பகுதி ஆறினதும் தண்ணியா உள்ளயே நிக்கும், மழைநாள்ல ஒரு தடவை முழுசா ரொப்பினா ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை ரொம்புச்சுன்னா மாசத்துல எவ்வளவுன்னு நீங்களே கணக்குப் போடுங்க. டேங்க் அடில வடிகால் குழாய் இருக்கும், மழைக்காலத்துல வாரம் ஒரு தடவை தொறந்து விடுங்க. மொத தடவை நான் தொறந்தப்ப காப்பி டம்ளர் அளவுக்குத் துருத் தண்ணி வந்துச்சு.

வெயில் காலத்துல எதிர்ப்பக்கம். ஏப்ரல்ல டிக்கி 30 டிகிரில இருந்து 60க்கு ஏறினா 150ல இருந்த டேங்க்கு தானா 165 பக்கம் போகும், அதனால சேஃப்டி வால்வு இல்லாத டேங்க்கை வாங்காதீங்க.

டயர் உள்பக்கம் மட்டும் தேயுதே?

எறக்க எறக்க வீலோட மேல்பக்கம் உள்ள சாயும், நெகட்டிவ் கேம்பர்னு சொல்வாங்க. ஃபோட்டோவுக்கு அழகு, டயருக்குக் கேடு. அலைன்மெண்ட் கடைல நீங்க தெனம் ஓட்டற உயரத்துல நிறுத்தித்தான் செட் பண்ணச் சொல்லணும், பெருமைக்குப் படுக்க வெச்சுட்டு அலைன்மெண்ட் புடிச்சா ஓட்டறப்ப எல்லாம் தப்பு.

ஜாக்கி வெச்சு தூக்கலாமா? காத்துலயே தூக்கி நிறுத்திட்டு அடில போலாமா?

அடில போகவே கூடாது. ஒரு டியூப்பு கழண்டா வண்டி ஒரு நொடில மார்ல உக்காந்துடும். ஸ்டேண்டு வெச்சு, சாவியை எடுத்து, தானா உயரத்தைச் சரி பண்ணிக்கற ஆட்டோ லெவல் இருந்தா ஆஃப் பண்ணிட்டு, அப்புறம்தான் குனியணும். பை பக்கத்துல வெல்டிங்கும் கூடாது.

எம்விடி, அதான் கேரளா மோட்டார் வாகனத் துறை, புடிப்பாங்களா? தமிழ்நாட்டு நம்பர்னா தப்பிக்கலாமா?

புடிப்பாங்க, தப்பிக்க முடியாது. எங்க ஊருப் பசங்களுக்கு ஒரு நெனப்பு, வாளையாறு தாண்டினா சட்டம் மாறிடும்னு. மோட்டார் வாகனச் சட்டம் 1988 ரெண்டு பக்கத்துக்கும் ஒண்ணுதான். அதுல 52வது பிரிவு, ஆர்சில இருக்கற விவரம் கம்பெனி குடுத்த ஒரிஜினல்ல இருந்து மாறற மாதிரி வண்டிய மாத்தக் கூடாதுங்குது. இதை எவ்வளவு தூரம் இறுக்கிப் புடிக்கணும்னு கேரளா ஹைகோர்ட்ல இருந்து ஒரு கேஸு சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போச்சு, 2019 ஜனவரில இறுக்கித்தான் புடிக்கணும்னு தீர்ப்பு வந்துச்சு. அதே வருஷம் சட்டத்தைத் திருத்தி 182ஏன்னு ஒரு பிரிவு சேத்தாங்க, ஓனர் அனுமதி இல்லாம மாத்தினா ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபா அபராதம், இல்லைன்னா 6 மாசம் வரைக்கும் ஜெயில், இல்லைன்னா ரெண்டும்.

கேரளாப் பக்கம் சோதனை அதிகம்கறது நெசம். 2022 அக்டோபர்ல வடக்கஞ்சேரில ஸ்கூல் பசங்களை ஏத்திட்டுப் போன டூரிஸ்ட் பஸ்ஸு கேரளா அரசு கேஎஸ்ஆர்டிசி பஸ் பின்னாடி மோதி 9 பேரு செத்தாங்க, அதுல 5 பேரு பசங்க. எங்க வீட்டுல இருந்து ஒண்ணும் தூரம் இல்ல அது. அதுக்கப்புறம் டூரிஸ்ட் பஸ்ஸெல்லாம் வெள்ளைப் பெயிண்ட்டு அடிச்சே ஆகணும்னு கறாரா நின்னாங்க, லேசர் லைட்டு, கலர் கலர் ஸ்டிக்கர் எல்லாம் போச்சு, கார்க்காரங்களுக்கும் கண்ணு திரும்புச்சு.

கம்பெனியே ஏர் சஸ்பென்ஷனோட விக்கற ரேஞ்ச் ரோவர், எஸ் கிளாஸ் மாதிரி வண்டிக்குப் பிரச்சினை இல்ல, அது ஆர்சிக்கு மாறானது இல்லயே. நம்ம மாதிரி வெளிய மாட்டினவங்களுக்குத்தான். இன்சூரன்ஸ்லயும் சொல்லாம மாத்தியிருந்தா கிளெய்மைத் தள்ளுபடி பண்ண ஒரு காரணம் அவங்க கைல கெடைச்சுடும். நான் செஞ்சது சரின்னு சொல்ல வரல, நான் ஒரு தடவை அபராதம் கட்டினவன், இப்ப ரோட்டுல எறக்கறதில்ல, தோப்புக்குள்ளயும் தனியார் எடத்துல நடக்கற கார்க்காரங்க மீட்லயும்தான். உங்களுக்கு இந்தத் தலைவலி வேண்டாம்னா போடாதீங்க, கோவிச்சுக்க மாட்டேன்.

மொத்தம் எவ்வளவு ஆகும்?

நல்ல பிராண்டு முழு கிட்டுக்கு அமெரிக்கா வெலையே 3,000 டாலருக்கு மேலதான், அது மேல கப்பல் கூலி, கஸ்டம்ஸ், ஜிஎஸ்டி, மாட்டற கூலி. என் போலோவை இப்ப வித்தா அந்தக் காசு வராது. வீட்டுல கேட்டதுக்கு நான் சொன்ன தொகை வேற, அதை இங்க எழுத முடியாது.

கழட்டின பழைய ஸ்பிரிங், ஷாக்கை எல்லாம் எடைக்குப் போட்டுடலாமா?

ஐயோ, போட்டுடாதீங்க. வண்டிக்கு 15 வருஷம் ஆனா ஆர்சி புதுப்பிக்க இன்ஸ்பெக்ஷனுக்குக் கொண்டு போகணும், அப்ப எல்லாம் ஒரிஜினலா இருக்கணும். நான் கழட்டின அன்னிக்கே நாலு ஸ்பிரிங்கையும் எண்ணெய் தடவி, கொப்பரை மூட்டை கட்டற சாக்குல சுத்தி அட்டாலில போட்டு வெச்சேன், எது எந்த வீலுன்னு சுண்ணாம்புல எழுதி. போலோவுக்கு 15 ஆனப்ப எறக்கிப் பாத்தா முன் ஸ்பிரிங் ஒண்ணுக்குள்ள எலி குடும்பமே நடத்தியிருக்கு, ஆனா துரு இல்ல. ரெண்டு நாள் வேலை, மாட்டி, காட்டி, பேப்பர் வாங்கி, மறுபடி கழட்டி அதே சாக்குல சுத்தியாச்சு.

சுண்ணாம்பு மட்டும் அழிஞ்சு போச்சு. இந்தத் தடவை பெயிண்ட்டுல எழுதியிருக்கேன்.